‘குறைந்தபட்சம் போதும்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆகும் செலவைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைக் கோவில்பட்டியிலிருந்து என் அண்ணன் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். விமான டிக்கெட், வாடகை, டெபாசிட், குளிர்கால உடுப்பு என்று மற்றதெல்லாம் பொறுப்பாகத்தான் எழுதியிருந்தது. பழைய கார் வாங்குவது பற்றிய பத்தியில் மட்டும் ஒரு வரி உறுத்தியது. கார் இன்ஷூரன்ஸில் மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தை எடுத்தால் போதும், அதற்கு மேல் கட்டுவது வீண் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கு வரும் இடங்களை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நான் இருப்பது டெக்சஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாலிசி விற்பது என் வேலை இல்லை. யார் எவ்வளவுக்கு எடுத்தாலும் எனக்குக் கமிஷன் வராது. விற்றவர்கள் விற்றுவிட்டுப் போன பிறகு, விபத்து நடந்த அன்று ஃபைலைத் திறப்பவர்கள் நாங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அந்த வரி ஏன் நியாயமாகப் படுகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் நாட்டில் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 அறிவிப்பின்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அந்தச் சின்னத் தொகையைக் கட்டியவர் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ, கை கால் போனாலோ, தீர்ப்பாயம் ஐந்து லட்சம் சொன்னாலும் ஒரு கோடி சொன்னாலும் கம்பெனிதான் கட்ட வேண்டும். உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது; சொத்துச் சேதத்துக்குத்தான் ஏழரை லட்சம் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது மாதிரி வில்லங்கம் இருந்தால்தான் பணம் கேட்டு வண்டிக்காரர் பக்கம் திரும்புவார்கள். அதனால் "இன்ஷூரன்ஸ் இருக்கா?", "இருக்கு" என்பதோடு நம் ஊரில் பேச்சு முடிந்துவிடுகிறது.

இங்கே அப்படி முடியாது. எவ்வளவுக்கு இருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும்.

டெக்சஸ் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை 30/60/25 என்று எழுதுவார்கள். நீங்கள் மோதி அடிபட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். ஒரே விபத்தில் எத்தனை பேருக்கு அடிபட்டாலும் எல்லோருக்கும் சேர்த்து 60,000. நீங்கள் நொறுக்கிய வண்டிகள், வேலி, விளக்குக் கம்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25,000. இதில் உங்கள் உடம்புக்கோ உங்கள் காருக்கோ ஒரு பைசா கிடையாது. 2011-இலிருந்து இதே எண்கள்தான். அதற்குப் பிறகு கார் விலை எங்கே போயிருக்கிறது, ஆஸ்பத்திரி பில் எங்கே போயிருக்கிறது என்று இங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று ஒரு புதுக் காரின் சராசரி விலையே 45,000 டாலருக்கு மேல்.

ஒரு ஃபைலைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் இரண்டு மூன்று ஃபைல்களை ஒன்றாகக் கலந்திருக்கிறேன். தொகைகள் தினமும் என் மேஜைக்கு வருகிற மாதிரியானவைதான். முதுகலைப் படிக்க வந்த பையன். பழைய கொரோலா. ஐ-635 நெடுஞ்சாலையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் லேன் மாறும்போது பக்கத்து லேனில் வந்த பிக்கப் டிரக்கில் இடித்தான். டிரக் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் வந்த எஸ்யூவியில் மோதி நின்றது. பையனுக்குக் கீறல்கூட இல்லை.

டிரக் டோட்டல் லாஸ், 41,000 டாலர். எஸ்யூவிக்கு ரிப்பேர் 13,000. இரண்டும் சேர்ந்து 54,000. பையனுடைய பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு இருந்தது 25,000. மீதி 29,000 டாலர் அந்தரத்தில் நிற்கிறது. டிரக் ஓட்டி வந்தவருக்குக் கழுத்தில் அடி. ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி ரூம், எம்ஆர்ஐ, இரண்டு நாள் படுக்கை. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே பில் 30,000-ஐத் தாண்டிவிட்டது.

பையனிடம் போனில் பேசியது நான்தான். முதலில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவன், என் பேரைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டான். "அக்கா, அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே. மிச்சத்தை நீங்க பாத்துக்குவீங்கல்ல?" என்றான். விபத்து நடந்து நான்கு நாள் ஆகியும் அவன் கவலையெல்லாம் அவனுடைய கொரோலாவை யார் சரிசெய்து தருவார்கள் என்பதிலேயே இருந்தது. அதற்கு அவன் பாலிசியில் இடமே இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஃபைல்களில் நாங்கள் பாலிசிதாரருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். எக்ஸஸ் லெட்டர் என்போம். உங்கள் மேல் வரும் கோரிக்கை உங்கள் பாலிசி வரம்பைத் தாண்டக்கூடும். தாண்டிய தொகைக்கு நீங்களே பொறுப்பாக நேரலாம். விரும்பினால் சொந்தச் செலவில் தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம். சாரம் இவ்வளவுதான். ரிஜிஸ்டர் தபாலில் போகும். ஊரில் இருக்கும் பெற்றோரிடம் பிள்ளைகள் இதைக் காட்டுவதில்லை.

இதற்கு மேல் நடப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் 1929-இல் வந்த ஸ்டோவர்ஸ் தீர்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அடிபட்டவரின் வக்கீல் பாலிசி வரம்புக்குள் நியாயமான ஒரு தொகையைக் கேட்டு, கம்பெனி அதைப் பொறுப்பில்லாமல் மறுத்து, பிறகு கோர்ட்டில் வரம்புக்கு மேல் தீர்ப்பு வந்தால் அந்த அதிகப்படியையும் கம்பெனியே சுமக்க வேண்டி வரும். அதனால் அடி பெரிது என்று தெரிந்தால் நாங்கள் 30,000-ஐ இழுத்தடிக்காமல் நீட்டிவிடுவோம். அதை வாங்கிக்கொண்டு அடிபட்டவர் இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், காயத்தைப் பொறுத்தவரை பையன் தப்பித்தான். மாணவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. பையனிடம் பிடுங்க ஒன்றும் இல்லை என்று வக்கீலுக்கும் தெரியும்.

அப்படியானால் கட்டுரையாளர் சொன்னது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். கையில் காசில்லாதவனுக்குக் குறைந்தபட்சம் போதும் என்று இங்கேயும் பலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை.

முதல் காரணம், கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று அடிபட்டவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. காயத்துக்கு வழக்குப் போட டெக்சஸில் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இன்று மாணவனாக இருக்கும் பையன் அதற்குள் படிப்பை முடித்து வேலையில் இருப்பான். தீர்ப்பு வந்துவிட்டால் அது பத்து ஆண்டு உயிரோடு இருக்கும், புதுப்பிக்கவும் செய்யலாம். இந்த மாதிரிக் கடனுக்காகச் சம்பளத்தை நேராகப் பிடிக்க டெக்சஸில் முடியாது. ஆனால் சம்பளம் பேங்க் கணக்கில் விழுந்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதோடு எத்தனை பிள்ளைகள் படித்த மாநிலத்திலேயே கடைசிவரை இருக்கிறார்கள்? பல மாநிலங்களில் சம்பளத்திலேயே கை வைக்கலாம். பிடித்தம் போக வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை என்று மத்திய சட்டம் எல்லை சொல்கிறது.

வண்டிச் சேதம் இன்னும் மோசம். டிரக்காரருக்கு அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வசூலிக்கப் பையன் பின்னால் வரும். சப்ரோகேஷன் என்று அதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இரக்கம் கிரக்கம் எல்லாம் கிடையாது. மாதத் தவணையாவது கட்டு என்பார்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது. அந்த டிரக்காரர் இடத்தில் உங்கள் பிள்ளை இருந்தால்? நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் அதே 30/60/25 வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். எதுவுமே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. உங்கள் பெண்ணை இடித்தவரிடம் 30,000-க்கு மேல் இல்லை என்றால், அதற்கு மேல் ஆகும் செலவுக்கு அவள் தன் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு வழி செய்யும் பகுதியின் பெயர் அன்இன்ஷூர்ட், அண்டர்இன்ஷூர்ட் மோட்டரிஸ்ட். சுருக்கமாக யூஎம், யூஐஎம். இடித்தவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லாதபோதும், இருந்தும் பற்றாதபோதும் நம் கம்பெனியே அவருடைய இடத்தில் நின்று நமக்குக் கொடுக்கும். இடித்துவிட்டு நிற்காமல் ஓடிய வண்டிக்கும் இது உதவும். டெக்சஸில் அந்த வண்டி நம் வண்டியைத் தொட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. பயந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி நாமே சுவரில் மோதினால் இது கை கொடுக்காது.

இந்தப் பகுதியைக் கம்பெனி கட்டாயம் நமக்குக் காட்ட வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். வேண்டாம் என்றால் எழுத்தில் சொல்ல வேண்டும். பிஐபி என்னும் தனிநபர் காயப் பாதுகாப்புக்கும் அதே விதிதான். சட்டம் இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்திருப்பதை நம் பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள் என்று என் அக்கா மகன் பாலிசி எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போனில்தான் எல்லாம். மாதத் தொகை பெரிய எழுத்தில் மேலே நிற்கிறது. ஒவ்வொரு பகுதியை எடுத்துவிடும்போதும் அந்தத் தொகை சட்டென்று குறைகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. கடைசியில் கையெழுத்துப் பக்கம். நீண்ட ஒரு பத்தி, அதன் கீழே மஞ்சள் கட்டம், விரலால் ஒரு தட்டு. அடுத்த பத்தி, அடுத்த மஞ்சள் கட்டம், இன்னொரு தட்டு. அந்த இரண்டு தட்டில்தான் யூஎம்-ஐயும் பிஐபி-ஐயும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பான். "நிறுத்துடா, இதில என்ன எழுதியிருக்கு, வாசி" என்றேன். "சித்தி, டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்தானே" என்றான்.

அவனை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். 100/300/100, யூஎம்-உம் அதே அளவுக்கு, பிஐபி 10,000. மாதத்துக்கு நாற்பது டாலருக்குள்தான் கூடியது. எல்லோருக்கும் இதே அளவுதான் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். வயது, ஊர், வண்டி, கிரெடிட் ஸ்கோர் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். (கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கக் கூடாது.) ஆனால் வரம்பை மூன்று மடங்காக்கினால் பிரீமியமும் மூன்று மடங்காகும் என்ற பயம் தேவையில்லை. பெரும்பாலான விபத்துகள் சின்னவை, முதல் சில ஆயிரம் டாலரில்தான் கம்பெனிக்கு அடிக்கடி செலவு. அதனால் பிரீமியத்தின் பெரும்பங்கு அந்தக் குறைந்தபட்ச வரம்பிலேயே வந்துவிடுகிறது.

காசு உதைக்கிறது என்றால் குறைக்க வேறு இடம் இருக்கிறது. நம் காரைச் சரிசெய்யும் கொலிஷன் பகுதியில் டிடக்டிபிளை, அதாவது முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகையை, 500-இலிருந்து 1,000 ஆக்கலாம். மூவாயிரம் டாலர்கூடத் தேறாத பழைய காருக்குக் கொலிஷனையே விட்டுவிடலாம். கடன் இருந்தால் மட்டும் பேங்க் விடாது. வடக்கு டெக்சஸில் வசந்த காலத்து ஆலங்கட்டி மழைக்கு, மோதல் அல்லாத சேதத்தைப் பார்த்துக்கொள்ளும் காம்ப்ரிஹென்சிவ் இருப்பது நல்லது. சொந்தக் கார் போனால் பஸ்ஸில் போகலாம். அடுத்தவர் கழுத்துக்கு வரும் பில்லைத்தான் நம்மால் தாங்க முடியாது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரில் ஒரு கோடு விழுந்தால்கூடக் கம்பெனி தர வேண்டும் என்று டிடக்டிபிளைக் குறைத்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கொடுக்கும் பகுதியான லயபிலிட்டியைக் குறைந்தபட்சத்தில் விட்டுவிடுகிறார்கள். பிறகு "ஃபுல் கவரேஜ் எடுத்திருக்கேன்" என்கிறார்கள். கொலிஷனும் காம்ப்ரிஹென்சிவும் இருந்தாலே அதை ஃபுல் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதே பாலிசியில் லயபிலிட்டி 30/60/25 ஆகவே கிடப்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

மாணவர்களை விட்டுவிட்டு, வேலை, வீடு, இரண்டு கார் என்று ஃப்ரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு வருகிறேன். வக்கீலுக்கு இவர்களிடம் பிடுங்க நிறையவே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டை டெக்சஸ் சட்டம் காப்பாற்றும். சேமிப்பும், வாடகைக்கு விட்ட இரண்டாவது வீடும் அப்படித் தப்பாது. இவர்களுக்கு 100/300 என்பதே ஆரம்பம்தான். 250/500 எடுத்து, அந்த வரம்பு தீர்ந்த பிறகு கை கொடுக்கும் அம்பிரல்லா பாலிசி ஒன்றைப் பத்து லட்சம் டாலருக்கு அதன் மேல் போட்டால் ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான் ஆகும். பிள்ளைக்குப் பதினாறு வயதாகி லைசென்ஸ் வாங்கும் வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா. ஆறு மாதம் மகன் வீட்டில் தங்க வருகிறார்கள், எங்கே போனாலும் காரில்தான். மகன் ஓட்டும்போது அவன் தவறால் விபத்து நடந்து பின் சீட்டில் இருந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தால்? டெக்சஸில் பல பாலிசிகளில், ஒரே வீட்டில் வசிக்கும் உறவினர் அடிபட்டால், நாம் எவ்வளவு உயர்ந்த வரம்பு வாங்கியிருந்தாலும் லயபிலிட்டி சட்டக் குறைந்தபட்சமான 30,000-க்கு இறங்கிவிடும் என்று ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கும். கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வருகையாளராக வந்த அம்மா வீட்டில் ‘வசிப்பவரா’ என்று வாதம் நடக்கும், நடக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரி காத்திருக்காது. அதனால்தான் பிஐபி வேண்டும் என்கிறேன். யார் தவறு என்று பார்க்காமல் காரில் இருந்த எல்லோருக்கும் மருத்துவச் செலவு தரும். சட்டப்படி 2,500 டாலரிலிருந்து தொடங்குகிறது, 10,000 வரை எடுப்பது சாதாரணம். பெற்றோர் வருவதற்கு முன் விசிட்டர் இன்ஷூரன்ஸை ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தால் நல்லது.

ஒரே அபார்ட்மென்டில் நான்கு பிள்ளைகள், ஒரு கார், ஒருவன் பெயரில் பாலிசி. இதுவும் நம் வழக்கம். தினமும் ஓட்டும் அத்தனை பேர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். சிலர் பிரீமியம் கூடும் என்று ரூம்மேட்டை ‘எக்ஸ்க்ளூடட் டிரைவர்’, அதாவது பாலிசியில் சேராதவன் என்று எழுதிவிட்டு, சாவியை மட்டும் ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருப்பார்கள். அவன் ஓட்டி இடித்தால் கம்பெனி ஒரு டாலர் தராது. சாப்பாடு டெலிவரி செய்யும்போது இடித்தாலும் சாதாரணப் பாலிசியில் கிடைக்காது. மாணவர் விசாவில் அந்த வேலையைப் பார்ப்பதில் உள்ள வேறு ஆபத்துகளுக்கு நான் போகவில்லை.

கட்டுரையில் ‘அமெரிக்காவில்’ என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு சட்டமே இங்கே இல்லை. இன்ஷூரன்ஸை ஒழுங்குபடுத்தும் வேலையை 1945-இல் மெக்கேரன்-ஃபெர்குசன் சட்டத்தின் வழியாக மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியா 1967-இல் வைத்த 15/30/5-ஐ 2024 முடியும்வரை அப்படியே வைத்திருந்தது. 2025 ஜனவரி முதல்தான் 30/60/15. வட கரோலினா 2025 ஜூலையில் 50/100/50-க்கு ஏறியது. நியூஜெர்சியில் ஸ்டாண்டர்ட் பாலிசிக்கு 2026 ஜனவரி முதல் 35/70/25. பென்சில்வேனியா இன்னும் 15/30/5. அங்கே 5,000 டாலருக்கு மேல் ஒரு காரைச் சேதப்படுத்தினால் மிச்சம் உங்கள் தலையில்; பம்பரும் ஹெட்லைட்டும் போனாலே சில கார்களில் அது தாண்டிவிடும். ஃபுளோரிடாவில் தன் காயத்துக்கு 10,000, சொத்துச் சேதத்துக்கு 10,000 இருந்தால் போதும். அடுத்தவர் உடம்புக்கான லயபிலிட்டியே பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் கட்டாயம் இல்லை. வர்ஜீனியாவில் 2024 ஜூன் வரை 500 டாலர் கட்டணம் கட்டிவிட்டு இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டலாம் என்று இருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் இன்றும் கட்டாயம் இல்லை. விபத்து நடந்தால் பணம் கட்டும் பொறுப்பு மட்டும் உண்டு. ‘மாநிலம் கேட்பது’ என்ற அளவை நம்பினால் ஃபுளோரிடாவில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு, வட கரோலினாவில் படிக்கும் பிள்ளைக்கு வேறொன்று. கழுத்தெலும்பு இரண்டு ஊரிலும் ஒன்றுதானே?

வேலை கிடைத்து மாநிலம் மாறும்போது பாலிசியையும் புதிதாக எழுத வேண்டும். நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும்: வழக்குப் போடும் உரிமையைக் குறைத்துக்கொள்கிறீர்களா? ‘ஆம்’ என்றால் பிரீமியம் குறையும். பிற்பாடு யாராவது உங்களை இடித்தால், கடுமையான காயம் என்று நிரூபித்தால் ஒழிய வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க முடியாது. டெக்சஸிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் ‘டெக்ளரேஷன் பேஜ்’ அனுப்பு என்று கேளுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான். மேலே பெயர், முகவரி, வண்டியின் நம்பர். கீழே ஒரு பட்டியல். அதில் ‘பாடிலி இஞ்சுரி’ என்ற வரிக்கு நேரே உள்ள இரண்டு எண்களையும், ‘பிராப்பர்டி டேமேஜ்’ என்பதற்கு நேரே உள்ள ஓர் எண்ணையும், அதற்குக் கீழே ‘அன்இன்ஷூர்ட்’ என்று ஆரம்பிக்கும் வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘ரிஜெக்டட்’ என்று இருந்தால் போன் போடுங்கள். கட்டுரையை இனி எப்போதாவது மறுபதிப்புச் செய்தால் அந்த வரிக்குப் பதிலாக இதைப் போட்டாலே போதும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கார் சும்மாதானே நிற்கிறது என்று பாலிசியை ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வந்து புதுப் பாலிசி கேட்டால் இடையில் விட்டுப்போன நாள்களைக் காட்டிப் பிரீமியத்தை ஏற்றுவார்கள். நியூயார்க்கில் நம்பர் பிளேட்டை மோட்டார் வாகனத் துறையிடம் ஒப்படைக்காமல் இன்ஷூரன்ஸை நிறுத்தினால் வண்டிப் பதிவையே முடக்கிவிடுவார்கள். ரத்து செய்வதற்குப் பதில், கார் நிறுத்தி வைத்திருக்கும் காலத்துக்கு லயபிலிட்டியை எடுத்துவிட்டுக் காம்ப்ரிஹென்சிவை மட்டும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கம்பெனியைக் கேட்டுவிடுங்கள். சில மாநிலங்களில் விடுவார்கள், சில மாநிலங்களில் விட மாட்டார்கள். விட்டால், திரும்பி வந்ததும் சாவியைத் தொடுவதற்கு முன் பழைய அளவுக்கு ஏற்றச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்தில் அனுமதி வாங்கி எழுதவில்லை என்பதால் என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இர்விங், டெக்சஸ்.